கத்திரி வெயிலில் சமைத்த உணவைக் காப்பது எப்படி?

மே 4ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குப் பல நாட்களுக்கு முன்பே வேலூர், திருத்தணி, ஈரோடு, கரூர், மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டிவிடுகிறது. வெயில் காலத்து உபாதைகள் என்றால் மயக்கமும் வியர்க்குருவும் நீர்க்கடுப்பும்தான் நமக்கு உடனே நினைவுக்கு வருகின்றன. அதே வெயில், அடுக்களை மேடையில் மூடி வைத்த சாம்பாரையும் கூட்டையும் சோற்றையும் என்ன செய்கிறது என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. மார்கழியில் காலை எட்டு மணிக்கு வடித்த சோற்றை மதியம் இரண்டு மணிக்குப் பரிமாறிப் பழகிய வீட்டில், சித்திரையிலும் அதே பழக்கம் தொடர்கிறது. "எத்தனையோ வருடமாக இப்படித்தானே வைத்துச் சாப்பிடுகிறோம்" என்ற சமாதானமும் கூடவே இருக்கிறது. சமையல் முறையும் பாத்திரமும் மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் அடுக்களையின் வெப்பநிலை பத்து டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது, உணவு நஞ்சாவதற்கு அந்த ஒரு மாற்றமே போதும்.

ஆகவே வெயில் காலத்துக்கென்று வீட்டில் தனிப் பழக்கங்கள் வேண்டும். அவற்றில் முதன்மையானது, உணவு நன்றாக இருக்கிறதா என்பதை மூக்காலும் நாக்காலும் தீர்மானிக்காமல், அது அடுப்பிலிருந்து இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கொண்டு தீர்மானிப்பதாகும்.

வெப்பம் செய்யும் வேலை

உணவை நஞ்சாக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் பெருகக்கூடியவை. ஐந்துக்குக் கீழே அவற்றின் பெருக்கம் மிகவும் மந்தமாகிறது அல்லது நின்றுபோகிறது. அறுபதுக்கு மேலே அவை பெருக முடிவதில்லை. மனித உடலின் வெப்பமாகிய 37 டிகிரியை ஒட்டிய நிலையில் அவை மிக வேகமாகப் பெருகுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் அடுப்பு எரியும் ஒரு சிறிய அடுக்களையின் வெப்பம் ஏறத்தாழ அந்த அளவில்தான் நாள் முழுவதும் நிற்கிறது.

வாய்ப்பான சூழலில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஒரு பாக்டீரியா, ஒரு மணி நேரத்தில் எட்டாகிறது; நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகிறது; ஆறு மணி நேரத்தில் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டுகிறது. இறைச்சிக் குழம்புகளில் வளரும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமி இன்னும் வேகமானது. 43 முதல் 46 டிகிரி வரையிலான சூட்டில் அது பத்து நிமிடங்களுக்குள்ளேயே இரட்டிப்பாகும். பெரிய அண்டாவில் இளஞ்சூட்டோடு கிடக்கும் கறிக்குழம்பு அதற்கு ஏற்ற இடம். குளிர் நாடுகளிலும் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிகிறது. பத்து ஐரோப்பிய நாடுகளின் நோய்ப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வாரச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது சால்மோனெல்லா என்ற குடல் கிருமியால் நோயுற்றவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் வரை உயர்வதைக் காட்டியது. நம் ஊரில் இரவும் கைகொடுப்பதில்லை. சென்னை போன்ற கடலோர நகரங்களில் மே மாத இரவுகள் பலவற்றில் வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை.

மூக்கை ஏன் நம்பக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உணவை ஊச வைக்கும், நூல் விட வைக்கும், நுரை கட்ட வைக்கும் கிருமிகள் ஒரு வகை; மனிதரை நோயில் தள்ளும் கிருமிகள் பெரும்பாலும் வேறு வகை. முன்னவை வாடையால் நம்மை எச்சரித்துவிடுகின்றன. பின்னவை ஆபத்தான எண்ணிக்கைக்குப் பெருகிய பிறகும் நிறமோ மணமோ சுவையோ மாறாமல் இருக்கலாம். உணவு நஞ்சாகிப் படுத்தவர்கள் பலரும் "முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை. வாடை வந்த உணவைக் கொட்டத்தான் வேண்டும். வாடை வராததால் மட்டும் ஓர் உணவு நல்லதாகிவிடாது.

ஒரு மணி நேரக் கணக்கு

சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விட்டு வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அந்த அவகாசத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்புத் துறையினரின் விதி. தமிழ்நாட்டில் ஏப்ரல் முதல் ஜூன் வரை, குளிர்சாதன வசதி இல்லாத அடுக்களை எதுவும் காலை பத்து மணிக்கு மேல் 32 டிகிரிக்குக் கீழே இருப்பதில்லை என்றே கொள்ளலாம். எனவே நமக்குரிய கணக்கு ஒரு மணி நேரம்தான்.

இதைக் கேட்டவுடன், நடக்கிற காரியமா என்று தோன்றும். அடுப்பிலிருந்து இறக்கிய உணவு சுடச்சுட இருக்கும்வரை, அதாவது 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை, இந்த ஒரு மணி நேரம் தொடங்குவதில்லை. நாக்கில் வைக்க முடியாத சூடு போய், கையால் பிசைந்து சாப்பிடக்கூடிய சூடு வந்துவிட்டால் கணக்கு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அதன்பின் செய்யக்கூடியவை மூன்றே. உடனே சாப்பிடலாம், மீண்டும் கொதிக்க வைத்துச் சூடாகவே வைத்திருக்கலாம், அல்லது விரைவாக ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கலாம். இளஞ்சூட்டில் மூடி வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. நம் வீடுகளில் அதிகம் நடப்பதும் அதுவே. காலையில் ஒரே மூச்சில் மூன்று வேளைக்கும் சமைத்து முடிக்கும் வழக்கத்தை, இந்த இரண்டு மூன்று மாதங்களுக்காவது இரண்டு சிறு சமையல்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. வெந்த பருப்பையும் நறுக்கிய காய்களையும் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு, மாலையில் அரை மணி நேரத்தில் குழம்பு கூட்டிவிடலாம்.

சோறும் பழைய சோறும்

குழம்பு கெடும், பொரியல் கெடும், சோறு என்ன செய்துவிடப் போகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் கூடுதல் கவனம் வேண்டியது சோற்றுக்குத்தான். அரிசியில் மண்ணிலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி, உறங்கும் வித்துகளாக இருக்கும்போது கொதிநீரையும் தாங்கிவிடும். சோறு வடித்து இறக்கி, சூடு தணியத் தொடங்கியதும் அந்த வித்துகள் முளைத்துப் பெருகுகின்றன. அப்போது அவை உண்டாக்கும் நச்சுகளுள் ஒன்று, வாந்தியைத் தூண்டுவது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்திலேயே வாந்தி எடுத்த நிகழ்வுகள் அடுத்தடுத்துப் பதிவானபோதுதான் இந்த உண்மை பரவலாகத் தெரியவந்தது. முதல் நாள் வேகவைத்த சோற்றை வெளியிலேயே விட்டு மறுநாள் வாணலியில் வறுத்ததே அதற்குக் காரணம். பழைய சோற்றைத் தாளித்து எலுமிச்சைச் சாதமாக்குவதும், வெளியில் கிடந்த சோற்றை மாலையில் முட்டை சேர்த்துக் கிளறுவதும் அதே செயல்தான்.

சோற்றை அளவாக வடியுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால், அனைவரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திராமல், மிஞ்சப் போகும் பங்கை முதலிலேயே அகலமான தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறியின் கீழ் கால் மணி நேரம் ஆறவிட்டு, தட்டையான டப்பாவில் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த நாளுக்குள், ஒரே ஒருமுறை, ஆவி பறக்கும்வரை சூடாக்கிச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஹாட் பாக்ஸில் வைத்த சோறு முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பாதுகாப்பாக இருக்கும். அதன் பிறகு அது கிருமிக்கு ஏற்ற இளஞ்சூட்டுக்கு வந்துவிடும்.

பழைய சோறு இதற்கு முரண்போலத் தோன்றலாம். வெயில் காலத்தில் அதைவிட இதமான காலை உணவு இல்லை, அதைக் கைவிட வேண்டிய தேவையும் இல்லை. செய்யும் முறையில்தான் கவனம் வேண்டும். நீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு தீய கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆனால் அந்தப் புளிப்பு, அதற்கு முன்பே சோற்றில் உருவாகிவிட்ட நச்சை நீக்குவதில்லை. மதியம் மிஞ்சிய சோறு இரவு பத்து மணிவரை பானையிலேயே கிடந்து, படுக்கப் போகும்போது நீர் ஊற்றப்படுமானால், நீர் சேரும் முன்பே கெடுதல் நடந்து முடிந்திருக்கும். எனவே இரவில் புதிதாக வடித்த சோற்றைப் பரப்பி ஆற்றி, சோறு மூழ்கும் அளவுக்குக் கொதித்து ஆறிய நீரை உடனே ஊற்ற வேண்டும். முந்தைய நாளின் நல்ல நீராகாரத்திலோ தயிரிலோ ஒரு கரண்டி சேர்த்தால் புளிப்பு விரைவில் ஏறும். கழுவி வெயிலில் காய்ந்த மண்சட்டியில் வைத்து, காலையில் முதல் வேலையாகச் சாப்பிட்டுவிட வேண்டும். கோடை இரவில் எட்டு மணி நேர ஊறலே தாராளம். சாப்பிட்ட தட்டில் மிஞ்சிய சோற்றை அந்தச் சட்டியில் சேர்க்கக்கூடாது. கொழகொழப்பாகவோ நூல் விட்டோ இருந்தால் மாட்டுக்கும் வைக்காமல் கொட்டிவிட வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்த முதியவர்களுக்கும் கோடையில் இதைத் தவிர்த்துப் புதுச் சோற்றில் மோர் ஊற்றிக் கொடுப்பதே என் பரிந்துரை.

சட்னி, குழம்பு, பால்

தேங்காய்ச் சட்னி பச்சையாக அரைக்கப்படுகிறது, ஈரம் மிகுந்தது, புளிப்போ மிகக் குறைவு. அரைக்கும் நீரும் பெரும்பாலும் கொதிக்காத நீர். மேலே கடுகு தாளித்துக் கொட்டுவது மணத்துக்கு உதவும், பாதுகாப்புக்கு உதவாது. காலை இட்லிக்கு அரைத்த சட்னியை இரவு தோசைக்கு வைத்திருக்க வேண்டுமானால், அரைத்த உடனே பாதியைப் பிரித்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மேசையில் இருந்து மிஞ்சியதை உள்ளே வைப்பதில் பொருள் இல்லை. தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டு, அவியல், மோர்க்குழம்பு, குருமா எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இட்லி மாவு மட்டும் புளித்துப் பொங்கினாலும் அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை. அதன் புளிப்பே காவல், பிறகு அது ஆவியில் வேகவும் செய்கிறது.

மீன்குழம்பையும் வத்தக்குழம்பையும் காலையும் மாலையும் சுட வைத்து இரண்டு மூன்று நாள் வைத்திருக்கும் வழக்கத்தில் ஓர் அறிவு இருக்கிறது: புளியும் உப்பும் எண்ணெயும் தடுக்கின்றன, கொதி அவ்வப்போது கிருமிகளைக் கொல்கிறது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் இரு கொதிகளுக்கு இடையே பன்னிரண்டு மணி நேரம் 35 டிகிரியில் கிடக்கும் பருப்புச் சாம்பாருக்கு அந்த வழி பொருந்தாது. புளி குறைந்து பருப்பும் காயும் மிகுந்த குழம்புகள் வேகமாகக் கெடும்.

விடியற்காலையில் வாசலில் போட்டுச் செல்லும் பால் பாக்கெட்டை ஏழு மணி வெயில் படும்வரை விடாமல் எடுத்துக் காய்ச்சிவிடுங்கள். பால்கோவா, பாசந்தி, கிரீம் கேக் போன்றவை ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமிக்குப் பிடித்தமானவை. அது பரிமாறுபவரின் கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவுக்கு வருகிறது. அதன் நச்சும் கொதிக்கு அடங்காதது. விரலில் கட்டுப் போட்டிருப்பவர் கோடையில் இனிப்பும் தயிர்சாதமும் பிசையாமல் இருப்பதே நல்லது.

குளிர்பெட்டியைச் சரியாகப் பயன்படுத்துதல்

சூடான பாத்திரத்தை உள்ளே வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்று சொல்லி, குழம்பு முற்றிலும் ஆறும்வரை மூன்று நான்கு மணி நேரம் வெளியில் வைப்பது வழக்கம். இந்தக் காத்திருப்பில்தான் கிருமி பெருகுகிறது. கொதிக்கும் அண்டாவை அப்படியே உள்ளே தள்ள வேண்டாம். அதே சமயம் தானாக ஆறட்டும் என்று விடவும் வேண்டாம். குழம்பை இரண்டு மூன்று அங்குல ஆழமுள்ள பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அவற்றைக் குளிர்ந்த நீர் நிரப்பிய அகலத் தொட்டியில் வைத்து, கரண்டியால் கிளறிக்கொடுங்கள். கோடையில் குழாய் நீரே சுடும் என்பதால் அந்தத் தொட்டியில் ஐஸ் கட்டிகளைப் போடலாம். இருபது நிமிடங்களில் சூடு அடங்கிவிடும். உடனே உள்ளே வைத்துவிடலாம். அடுப்பிலிருந்து இறக்கிய ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி, மேற்பரப்பு ஆறிய பிறகும் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

பெட்டியின் உட்புறம் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்காக நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கப்படும் பெட்டியில் அந்த அளவு நிற்பதில்லை. குடிநீருக்கு மண்பானை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். சிறிய வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். இறைச்சியும் மீனும் மூடிய டப்பாவில் எப்போதும் கீழ்த்தட்டில் இருக்கட்டும், அவற்றின் நீர் சமைத்த உணவின் மேல் சொட்டக்கூடாது. மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள்; மூடியே இருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் பால், சமைத்த உணவு, இறைச்சி ஆகியவற்றைக் கொட்டிவிட வேண்டும்.

கறியும் மீனும் முட்டையும்

சந்தைக்குப் போனால் மற்ற எல்லாவற்றையும் வாங்கிய பிறகு கடைசியாகக் கறியும் மீனும் வாங்குங்கள். ஐஸ் போட்ட பையில் எடுத்து நேரே வீட்டுக்கு வாருங்கள். மீனின் செவுள் சிவந்தும், கண் தெளிந்தும், சதை அழுத்தினால் குழி விழாமலும் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகம் தெரியாத ஒன்று, சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது என்பதாகும். பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் படபடப்பும் வரும். மீன் ஒவ்வாமை என்று பலர் அதைத் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். ஐஸில் வைக்காமல் விற்கும் இந்த மீன்களைக் கோடையில் வாங்காதீர்கள்.

கோழிக்கறியைக் கழுவாமல் சமைக்க வேண்டும் என்பது மேல்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையினரின் அறிவுரை. குழாயின் வேகத்தில் தெறிக்கும் நீர் சுற்றிலும் உள்ள பாத்திரங்களுக்குக் கிருமியைப் பரப்புகிறது என்பது அதற்குக் காரணம். மஞ்சள் போட்டு அலசாமல் கறி சமைக்க நம் வீடுகளில் யாருக்கும் மனம் வராது என்பதால், அகலப் பாத்திரத்தில் நீர் எடுத்து, தெறிக்காமல் அலசி, அந்த நீரை மெல்லச் சாய்த்துவிட்டு, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று சொல்கிறேன். மசாலா தடவி ஊற வைப்பது குளிர்பெட்டிக்குள்தான் நடக்க வேண்டும். கறி அரிந்த கத்தியும் பலகையும் அப்படியே வெள்ளரிக்காய்க்குப் போகக்கூடாது. எலும்பை ஒட்டிய சதையில் சிவப்பு இல்லாமல், உட்பகுதி 70 டிகிரியைத் தாண்டும்வரை வேக வேண்டும்.

கடையில் வாங்கும் ஷவர்மாவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2022 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு பள்ளி மாணவி உயிரிழந்தார், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பரிசோதனையில் ஷிகெல்லா கிருமி கண்டறியப்பட்டது. சுழலும் கம்பியில் வெளிப்புறம் மட்டும் வெந்து, உட்புறம் இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் நிற்பது அந்த உணவின் அடிப்படைச் சிக்கல். அதனுடன் தரப்படும் மயோனைஸ், வேகாத முட்டையில் செய்யப்படுவதால், அறை வெப்பத்தில் சால்மோனெல்லா வளர இடம் தருகிறது. இதனால்தான் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. கோடையில் பிள்ளைகள் கேட்டாலும் இந்த இரண்டையும் ஒத்திப்போடுவது பெற்றோரின் கடமை என்றே கருதுகிறேன். முட்டையை வீட்டில் குளிர்பெட்டியில் வைத்து, மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேக வைத்துக் கொடுக்கலாம்.

தண்ணீர், ஐஸ், வெட்டிய பழம்

கோடையில் நீர் வரத்து குறைந்து குழாயில் அழுத்தம் தளரும்போது, விரிசல்கள் வழியாகக் கழிவுநீர் உள்ளே கசிய வாய்ப்புண்டு. லாரித் தண்ணீரின் மூலம் எது என்பதும் நமக்குத் தெரிவதில்லை. நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட்டுக் குடியுங்கள். டம்ளரை உள்ளே முக்காமல் நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள்.

சாலையோரக் கரும்புச் சாற்றிலும் சர்பத்திலும் பழத்தைவிட ஐஸைக் கவனிக்க வேண்டும். பொருள்களைக் குளிர்விக்கத் தயாரிக்கப்படும் ஐஸ் பாளங்கள் குடிநீரில் செய்யப்பட்டவை என்று நம்பிவிட முடியாது. சாக்கில் சுற்றி நடைபாதையில் வைத்து உடைக்கும் பாளத்தைக் கண்டால் ஐஸ் இல்லாமல் கேளுங்கள். தர்பூசணியில் புளிப்பு மிகக் குறைவு என்பதால், வெட்டிய துண்டின் மேல் கிருமிகள் எளிதில் பெருகும். முழுப் பழமாக வாங்கி, வெட்டும் முன் தோலை நன்கு கழுவி, வெட்டியதை அப்போதே சாப்பிட்டு, மீதியை மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஈ மொய்க்கும் தட்டில் அடுக்கிய துண்டுகள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நீர்மோர்ப் பந்தல் வைப்பவர்கள் கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்தி, சிறு சிறு அளவாகக் கலக்கினால் அந்த அறம் முழுமையாகும்.

பந்தியும் பயணமும்

சித்திரையும் வைகாசியும் திருமணங்களும் கோயில் திருவிழாக்களும் நிறைந்த மாதங்கள். நள்ளிரவில் தொடங்கி அதிகாலைக்குள் சமைத்து முடித்து, நண்பகல் பந்திக்குப் பரிமாறும் வழக்கத்தால் ஒரே வேளையில் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்படக்கூடும். விழா நடத்துபவர் சமையல்காரரிடம் முன்கூட்டியே பேசி, கூட்டு, அவியல், பாயசம், தயிர்ப் பச்சடி ஆகியவற்றைப் பந்திக்கு ஒரு மணி நேரம் முன்பு இறக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். குழம்பும் ரசமும் தணலின் மேலேயே இருக்கட்டும். சோற்றை ஒரே உலையில் வடிக்காமல் பந்திக்கொரு உலையாக வடிப்பது கூடுதல் வேலைதான், ஆனால் செய்யக்கூடியதே. பிரியாணியை நெருங்கியவர்களுக்குப் பொட்டலம் கட்டி மாலையில் கொடுத்தனுப்பும் அன்பைக் கோடையில் தவிர்த்துவிடுங்கள்.

அலுவலகத்துக்கும் பயணத்துக்கும் எடுத்துச் செல்லும் உணவில் நம் முன்னோர் தெளிவாக இருந்தார்கள். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, வறுத்த பொடி வகைகள் ஆகியவை ஈரம் குறைந்தோ புளிப்பு மிகுந்தோ இருப்பதால் தாக்குப்பிடிக்கின்றன. தேங்காய்ச் சாதம், உருளைக்கிழங்கு மசால், சாம்பார் சாதம், முட்டைப் பொரியல் ஆகியவை தாங்காது. தயிர்சாதம் எடுத்துச் செல்வதானால், நன்றாக ஆறிய சோற்றில் காய்ச்சி ஆறிய பாலும் போதிய அளவு நல்ல தயிரும் கலந்து, குளிர்ந்த நிலையில் ஐஸ் பொதியுடன் கொண்டு செல்லுங்கள். நிறுத்திய காருக்குள் உணவுப் பையை விட்டுச் செல்லவே கூடாது.

உடல் நலம் கெட்டால்

சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் கடும் வாந்தி வந்தால், உணவில் முன்பே உருவான நச்சு காரணமாக இருக்கலாம். எட்டு முதல் பதினாறு மணி நேரம் கழித்து வயிறு முறுக்கிப் பேதியாவது இறைச்சிக் குழம்பின் கிருமியைக் குறிக்கலாம். காய்ச்சலுடன் ஒன்றிரண்டு நாள் கழித்து வருவது சால்மோனெல்லா போன்ற தொற்றாக இருக்கக்கூடும். எதுவாயினும் முதல் சிகிச்சை இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்வதே. வெயிலில் வியர்வையாகவும் நீர் வெளியேறுவதால், பிற காலத்தைவிட வேகமாக உடல் வறண்டுவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி செய்த ஓ.ஆர்.எஸ். (உப்பும் சர்க்கரையும் கலந்த நீரிழப்புக் கரைசல்) பொடியை, உறையில் குறித்துள்ள அளவு நீரில் மட்டும் கரையுங்கள். நீரைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. 1971இல் வங்க அகதி முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகாலனபிஸ் இதுபோன்ற கரைசலைக் கொண்டுதான் பல உயிர்களைக் காத்தார். பொடி கையில் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தட்டையாக வழித்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். வாந்தி இருந்தால் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு ஒவ்வொரு கரண்டியாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று ஆகா. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்த வேண்டாம். கஞ்சி, இட்லி, வாழைப்பழம் ஆகியவற்றைப் பசித்தவுடன் கொடுக்கலாம். பேதியை நிறுத்தும் மாத்திரையை, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது.

மலத்தில் ரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குடித்த எதுவும் வயிற்றில் தங்காத வாந்தி, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழியாமை, குழி விழுந்த கண்கள், பேச்சுக் குழறல், சோர்ந்து துவளும் குழந்தை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வண்டிக்கு 108ஐ அழையுங்கள். கைக்குழந்தைகள், கருவுற்றவர்கள், முதியவர்கள், நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திராமல் முன்னதாகவே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் சாப்பிட்ட இருவருக்கு மேல் பாதிக்கப்பட்டால், மிஞ்சிய உணவைக் கொட்டாமல் மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் தனியே வைத்து, யார் யார் எதை எந்த நேரத்தில் சாப்பிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அன்றே தெரிவியுங்கள்.